ஒகேனக்கல்லில் ஆறும் ஆணையும்

தமிழக, கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில், காவிரியின் நீர்வரத்தை அளப்பதற்கென மத்திய நீர் ஆணையத்தின் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. அங்கே பதிவாகும் அளவு, வினாடிக்கு இத்தனை கன அடி என்ற ஒற்றை எண்ணாக நாள்தோறும் வெளியாகிறது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். கர்நாடகம் கொடுக்க வேண்டிய தண்ணீரைக் கொடுத்ததா என்பதைக் கணக்கிடுவதற்காக ஏற்பட்ட இந்த எண், அங்கிருந்து கீழே தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில் அன்றைக்குப் பரிசல் ஓடலாமா, அருவியில் குளிக்கலாமா, ஆற்றங்கரையில் மீன் வறுத்துக் கொடுப்பவருக்கு அடுப்பு எரியுமா என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. மாநிலங்களின் பங்கீட்டுக்கென உருவான ஒரு கணக்கு ஓர் ஊரின் அன்றாடப் பிழைப்புக்கும் அளவுகோலாகிவிட்ட நிலையில், அந்த ஓர் எண்ணைக் கொண்டே ஆற்றைத் திறப்பதும் மூடுவதும் முறைதானா என்பது தருமபுரி மாவட்டத்தார் மட்டுமன்றி ஆற்றோரத்தில் வாழும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியாகும்.

ஒகேனக்கல்லில் காவிரி ஒரே ஓட்டமாகச் செல்வதில்லை. பாறைகளின் இடையே பல கிளைகளாகப் பிரிந்து ஐந்தருவி, மெயின் அருவி, சினி அருவி என்று வெவ்வேறு உயரங்களில் விழுந்து, சின்னாற்றையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகிய இடுக்கில் ஓடிப் பின்னர் அகன்று மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடைகிறது. இத்தகைய ஆற்றுக்கு ஏற்ற கலம் பரிசல். மூங்கில் பத்தைகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலாலும் இப்போது பிளாஸ்டிக் தாளாலும் தாராலும் அடிப்பாகத்தை மூடிச் செய்யப்படும் பரிசலுக்கு அடிப்பகுதி தட்டையாக இருப்பதால், முழங்கால் அளவுத் தண்ணீரிலும் பாறையில் சிக்காமல் அது நகர்கிறது. ஆனால் படகுக்கு அடியில் நீளவாக்கில் ஓடி அதை நேர்க்கோட்டில் நிறுத்தும் கட்டை பரிசலுக்கு இல்லாததால், நீரின் விசை ஓர் அளவைக் கடந்ததும் ஒற்றைத் துடுப்பால் அதன் திசையைக் காப்பது இயலாமற்போகிறது. சுழல் எங்கே இருக்கிறது, எந்தப் பாறை எந்த அளவு நீரில் மறைந்திருந்து இடிக்கும் என்பதெல்லாம் தலைமுறைகளாகத் துடுப்புப் பிடிக்கும் பரிசல் ஓட்டிகளின் அறிவில் உள்ளவை. இவ்வறிவு எந்த அரசாணையிலும் இடம்பெற்றதில்லை என்பது வருந்தத்தக்கது.

ஆற்றின்மீது ஆணை செலுத்தும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவு தண்ணீரை மாநிலத்திடம் ஒப்படைக்க, ஒன்றியப் பட்டியலின் 56ஆம் பதிவு மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் உரிமையை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ஓடங்களையும் துறைகளையும் பற்றிய பழைய சட்டம் 1890ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. கால்வாய்கள் மற்றும் பொது ஓடத்துறைகள் சட்டம் எனப்படும் அது இன்றும் தமிழ்நாட்டுச் சட்டமாகவே நீடிக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் நாட்டின் 111 நீர்வழிகளை ஒன்றிய அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தபோது காவிரியும் கொள்ளிடமும் அப்பட்டியலில் சேர்ந்தன. ஆயினும் அந்த நீர்வழி பவானியை அடுத்த ஊராட்சிக்கோட்டைத் தடுப்பணையில்தான் தொடங்குவதால், தருமபுரி மாவட்டத்துக் காவிரி அதற்கு வெளியே நிற்கிறது. இரு கரைகளிலும் காடு இருப்பதால் வனத்துறைக்கும், நீருக்குப் பொறுப்பான நீர்வளத் துறைக்கும், சுற்றுலாத் துறைக்கும், உள்ளாட்சிக்கும், காவல்துறைக்கும் இங்கே பங்குண்டு. வெள்ளம் வரும் நாளில் இவை அனைத்தின் சார்பாகவும் ஆணையிடுபவர் மாவட்ட ஆட்சியர். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவரே என்பதால், அந்த அதிகாரத்தின் வலிமையும் அதன் பொறுப்பும் ஒருங்கே அவரிடம் சேர்கின்றன.

கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கப்படும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒகேனக்கல்லின் தோற்றமே மாறிவிடுகிறது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்டு மாதத்தில் நீர்வரத்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடியைக் கடந்தபோது, அருவிகள் இருந்த இடமே தெரியாமல் எங்கும் ஒரே வெள்ளக்காடாக இருந்தது. அத்தகைய நாட்களில் பரிசல் இயக்கவும் குளிக்கவும் தடை விதிப்பதை எவரும் குறை கூற இயலாது. ஆனால் தடை ஒரு நாளில் முடிவதில்லை. நீர்வரத்து ஏறி இறங்கி மீண்டும் ஏறும் பருவத்தில் அது வாரக்கணக்கில் நீள்கிறது. பரிசல் ஓட்டிகள், எண்ணெய் தேய்த்துவிடும் மசாஜ் தொழிலாளர்கள், மீன் பிடிப்பவர்கள், அம்மீனை வாங்கிவரும் பயணிகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்கள், சிறு கடைக்காரர்கள், விடுதிப் பணியாளர்கள் ஆகிய அனைவரின் வருவாயும் பயணிகளின் வருகையைப் பொறுத்தது. அவ்வருகையோ பரிசலையும் அருவியையும் நம்பியது. ஆடிப்பெருக்கை அரசே விழாவாக நடத்தும் ஊரில், ஆடி பதினெட்டுக்குப் புனித நீராடவும் முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுக்கவும் வரும் மக்கள், வெள்ள ஆண்டுகளில் ஆற்றைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப நேர்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கு அப்பால் வழிபாட்டு உரிமையும் இந்தத் தடையோடு கலந்திருக்கிறது.

தடையின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. 2015ஆம் ஆண்டில் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் உயிரிழந்த துயரம் இன்னும் மறக்கப்படவில்லை. உயிர்காப்பு உடை, ஒரு பரிசலில் ஏறுவோர் எண்ணிக்கை ஆகியவை குறித்த கண்டிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அது உணர்த்தியது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேரும், 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேரும் மாண்டனர். இவ்விரு நீர்நிலைகளிலும் அன்று வெள்ளம் இல்லை. மிகுதியாக ஏற்றப்பட்ட ஆட்கள், கலத்தின் சமநிலையிலிருந்த குறை, உயிர்காப்பு உடை இன்மை ஆகியனவே அந்த இழப்புகளுக்குப் பின்னால் இருந்தன. ஆகவே ஆபத்தை நீர்வரத்தைக் கொண்டு மட்டும் அளக்கும் ஒழுங்குமுறை, நீர் குறைந்திருக்கும் நாட்களில் கண்ணயர்ந்துவிடக்கூடும். எண் பெரிதாகும்போது முழுத் தடையும், எண் சிறிதாகும்போது தளர்ந்த கண்காணிப்பும் என்று மாறி மாறி நடப்பதைவிட, ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கலத்தின் தரத்தையும் ஓட்டுபவரின் பயிற்சியையும் ஏறுவோர் எண்ணிக்கையையும் பார்ப்பதே உயிரைக் காக்கும்.

ஒகேனக்கல் வெள்ளத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. குற்றால அருவிகளில் மலைமேல் பெய்யும் மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கிவிடுவதால், அங்கே முன்னறிவிப்புக்கு அவகாசம் மிகக் குறைவு. காவிரியிலோ மேலே உள்ள அணைகளில் எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும். அந்நீர் நெடுந்தொலைவு ஓடி வந்து சேர்வதற்குள் எச்சரிக்கைக்கும் ஏற்பாட்டுக்கும் நேரம் கிடைக்கிறது. இடைப்பட்ட காட்டிலும் சின்னாற்றுப் படுகையிலும் பெய்யும் கனமழை மட்டுமே கணக்கை மீறித் திடீரென்று நீரைக் கொண்டுவரக் கூடியது. இவ்விரு வகை வெள்ளங்களையும் ஒன்றாகவே கருதி ஆற்றை முழுவதுமாக மூடுவதைக் காட்டிலும், படிநிலைகளாக ஒழுங்கு செய்வது அறிவுடைமை. அருவிக்கு நேர்கீழே உள்ள இடுக்குப் பகுதிக்கும், நீர் பரந்து ஓடும் அகன்ற பகுதிக்கும், கரையோரக் குளியலிடத்துக்கும் ஆபத்து ஒரே அளவில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே நீர்மட்டத்தைக் காட்டும் அளவுப் பலகையை நிறுத்தி, எந்த அளவில் எது நிறுத்தப்படும், எந்த அளவுக்கு இறங்கினால் எது மீண்டும் திறக்கப்படும் என்பதைப் பருவத்துக்கு முன்பே எழுதி அறிவித்துவிட்டால், தடை என்பது ஓர் அதிகாரியின் அன்றைய முடிவாக இல்லாமல் எல்லோரும் அறிந்த விதியாகிவிடும். அந்த அளவுகளை வகுக்கும்போது பொறியாளர்களுடன் பரிசல் ஓட்டிகளையும் உட்கார வைத்துக் கேட்பது சலுகையாகாது. பாறையின் இருப்பிடம் பொறியாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதே அதற்குப் போதிய காரணம்.

இதற்கான சட்ட வாய்ப்பும் இல்லாமல் இல்லை. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2021இல் நிறைவேறிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரம் பொருத்திய கலங்களைப் பற்றியே பெரிதும் பேசினாலும், துடுப்பாலும் கழியாலும் இயங்கும் கலங்களை உள்ளாட்சி நிலையில் பதிவு செய்வதற்கும் இடம் கொடுத்துள்ளது. பதிவு என்பது கட்டுப்பாடாக மட்டும் முடிந்துவிடக் கூடாது. யார் பரிசல் ஓட்டுகிறார், எத்தனை குடும்பங்கள் அத்தொழிலை நம்பியுள்ளன என்ற பட்டியல் முறையாக இருந்தால்தான், தடைக்கால இழப்புக்கு ஈடு கொடுப்பதும் இயலும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. மீன் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. பொது நன்மைக்காக ஒருவரின் தொழிலை நிறுத்தினால் அதன் சுமையில் ஒரு பகுதியைப் பொதுமக்களும் ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை நியாயம். கடலுக்குப் பொருந்தும் அந்த நியாயம் ஆற்றுக்கும் பொருந்தும். பயணிகளிடம் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தடைநாள் நிதியாக ஒதுக்கி வைத்தால்கூட, வெள்ளப் பருவத்தில் வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையிலிருந்து பல குடும்பங்கள் மீளும். அவ்வாறு ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால், தடையை மீறிக் கள்ளத்தனமாகப் பரிசல் எடுக்கும் தூண்டுதலும் தானே குறையும்.

ஒகேனக்கல் காவிரியின் மற்றொரு பயன் பார்வைக்குத் தெரியாதது. அதன் மதிப்போ சுற்றுலாவைவிடப் பெரிது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடும்பாறை நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுதியாகக் கரைந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் குறிக்கும் வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பற்களில் பழுப்புக் கறையும், அளவு இன்னும் மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகி வளையும் ஃபுளோரோசிஸ் நோயும் உண்டாகின்றன. ஆழ்துளைக் கிணறு ஆழமாக ஆழமாக இந்த இடர் குறைவதில்லை. ஆற்று நீரைக் கொண்டுவருவதே நிலையான தீர்வு என்ற அடிப்படையில் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். எல்லையையும் நீர்ப் பங்கையும் காரணம் காட்டிக் கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பால் அவ்வாண்டு ஏப்ரலில் பணி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் செலவில் நிறைவுற்ற திட்டத்தை 2013 மே 29 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கி வைத்தார்.

இத்திட்டம் எடுக்கும் நீரின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. நாளொன்றுக்கு 16 கோடி லிட்டர் என்று கொண்டால், அது வினாடிக்கு ஏறத்தாழ 65 கன அடி மட்டுமே. இரண்டு லட்சம் கன அடி புரண்டோடும் நாளில் அது கணக்கிலேயே வராத துளி. இரு மாவட்டங்களில் ஏறத்தாழ முப்பது லட்சம் மக்களின் தாகத்தையும் எலும்பையும் காக்கும் அத்துளிக்காக இரண்டு மாநிலங்கள் மோதிக்கொண்டன என்பதிலிருந்து, ஆற்றைப் பற்றிய சச்சரவுகளில் அளவைவிட உரிமை பற்றிய அச்சமே பெரும்பங்கு வகிக்கிறது என்பது புலனாகும். தண்ணீரின் பயன்களுள் குடிநீருக்கே முதலிடம் என்பதைத் தேசிய நீர்க் கொள்கையும், 2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியுள்ளன. அதே தீர்ப்பு, மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்தின் தனிச் சொத்தும் அன்று என்பதையும் நிலைநாட்டியது.

இதே ஆற்றிலிருந்து பாசனத்துக்காகவும் ஒரு கோரிக்கை நீண்டகாலமாக எழுந்து வருகிறது. வெள்ளக் காலத்தில் வீணாகும் உபரி நீரில் ஆண்டுக்கு மூன்று டிஎம்சியை நீரேற்று நிலையங்கள் மூலம் மேலேற்றித் தருமபுரி மாவட்டத்து ஏரிகளை நிரப்ப வேண்டும் என்பது அக்கோரிக்கை. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடியைக் குறிக்கும் அலகு. இரண்டு லட்சம் கன அடி ஓடும் நாளில் மூன்று டிஎம்சி நீர் நான்கேகால் மணி நேரத்துக்குள் ஒகேனக்கல்லைக் கடந்துவிடுகிறது. எனவே நீர் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை எளிது. வெள்ளம் நீடிக்கும் குறுகிய காலத்துக்குள் அதை மேலேற்றுவதுதான் கடினம். முப்பது நாட்களில் அந்த அளவை எடுக்க வேண்டுமானால், வினாடிக்கு 1,150 கன அடிக்கு மேல் இறைக்கும் திறன், அதாவது மேற்சொன்ன குடிநீர்த் திட்டத்தைப் போலப் பதினேழு மடங்குக்கு மேற்பட்ட திறன் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி அந்த இயந்திரங்கள் சும்மா நிற்கும். மேட்டூர் அணை நிரம்பி வழியும் நாட்களில் எடுக்கும் நீருக்கு மட்டுமே உபரி என்ற பெயர் பொருந்தும். அதற்கு முன் எடுத்தால் அது டெல்டா உழவரின் பங்கில் கை வைப்பதாகும். மழை பொய்க்கும் மாவட்டத்தின் இந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயமானதே. எனினும் மேட்டூரின் நீர்மட்டத்தோடு பிணைத்த தெளிவான விதி ஒன்று முதலில் எழுதப்படாவிட்டால், மாநிலத்துக்குள்ளேயே இன்னொரு காவிரிப் பிணக்கு முளைக்கக்கூடும்.

ஆற்றின் கரைகளில் மனிதர் தவிர வேறு உயிர்களும் உரிமை கொண்டுள்ளன. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டதன் வழியே யானைகளின் வழித்தடங்களும், முதலையும் நீர்நாயும் வாழும் ஆற்றுப் பகுதிகளும் பாதுகாப்புப் பெற்றன. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. வலை வீசும் மீனவரின் பிழைப்பைக் காப்பதும் அத்தடையே என்பதால், கட்டுப்பாடும் வாழ்வாதாரமும் எப்போதும் பகையாகவே நிற்கும் என்று எண்ண வேண்டியதில்லை.

இத்தனை பயன்களுக்கும் நடுவே அரசின் இடம் எது என்பதை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் விளக்கியது. இமாசலப் பிரதேசத்தில் ஒரு தனியார் விடுதியின் நலனுக்காக பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பியது பற்றிய அவ்வழக்கில், பொது அறக்கட்டளைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. பண்டைய ரோமானியச் சட்டத்தில் வேர்கொண்ட அக்கோட்பாட்டின்படி காற்று, ஓடும் நீர், கடற்கரை போன்றவை மக்கள் அனைவருக்கும் உரியவை. அரசு அவற்றின் உடைமையாளர் அன்று. மக்களுக்காக அவற்றைக் காக்கும் பொறுப்பாளர் மட்டுமே. ஆற்றைக் காக்கத் தவறுவது பொறுப்பாளரின் பிழை என்றால், தக்க காரணமின்றி மக்களை அதிலிருந்து விலக்கி வைப்பதும் அவ்வாறே பிழையாகும்.

வெள்ளத்தைப் பற்றி இவ்வளவு விதிகள் பேசும்போது வறட்சியைப் பற்றிய விதி எங்கும் காணப்படவில்லை. 2024 கோடையில் நீர்வரத்து சில நூறு கன அடியாகச் சுருங்கி அருவிகள் வெறும் பாறைகளாக நின்றபோது, பரிசல் ஓட்டிகளின் தொழில் எந்த ஆணையும் இல்லாமலே நின்றுபோனது. முன்னே துளியாகத் தோன்றிய 65 கன அடி, அத்தகைய நாட்களில் ஆற்றின் கணிசமான பங்காகிவிடுகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டிய 177.25 டிஎம்சியில், பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டிஎம்சி வீதம் குறிக்கப்பட்டுள்ளது. நாள் கணக்காகப் பிரித்தால் அது வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கன அடியாகும். 2018 ஜூனில் அமைக்கப்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையம் மாத அளவையும் அதன் பத்து நாள் தவணைகளையும் கண்காணிக்கிறதே தவிர, ஒவ்வொரு நாளும் ஆற்றில் குறைந்தது இவ்வளவு நீர் ஓட வேண்டும் என்ற வரம்பு அந்த அட்டவணையில் இல்லை. கோடை மாதங்களுக்கேனும் அப்படி ஒரு நாள்வரம்பைத் தமிழ்நாடு ஆணையத்தின் முன் வைத்துக் கேட்பது, மேட்டூரின் கணக்குக்குச் சிறிதும் இழப்பின்றி, குடிநீர்த் திட்டத்தின் உறிஞ்சு கிணறுகளுக்கும், மடுக்களில் ஒதுங்கும் மீன்களுக்கும், பள்ளி விடுமுறையில் வரும் பயணிகளை நம்பியிருக்கும் ஒகேனக்கல், அருகிலுள்ள ஊட்டமலை மக்களுக்கும் ஒருசேரப் பயன்படும்.